லீவர் நிரபராதி: பிடித்துக்கொண்ட ஹேண்ட்பிரேக் குறித்த ஓர் ஆராய்ச்சியுரை

லீவர் இறங்கிவிட்டது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. முதல் கியரும் விழுந்துவிட்டது. ஆனாலும் கார் பின்பக்கத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு நின்ற இடத்திலேயே உறுமுகிறது. 'ஹேண்ட்பிரேக் பிடிச்சுக்கிச்சு' என்று இரண்டே சொற்களில் உலகம் இந்த நிலையை முடித்துவிட்டு மெக்கானிக்குக்கு ஃபோன் போடப் போகிறது. ஆராய்ச்சியாளன் அவ்வாறு போய்விட முடியாது. யார் பிடித்தார்கள், எங்கே பிடித்தார்கள், பழி யார்மேல் விழுகிறது என்ற மூன்று கேள்விகள் அவனுக்கு மிச்சமிருக்கின்றன. மூன்றாவது கேள்விக்கு இதுகாறும் தவறான விடையே வழங்கப்பட்டு வந்துள்ளது என்பதை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

ஆய்வெல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். ஹேண்ட்பிரேக்கை இழுத்தது இழுத்தபடியே ஓட்டிச்சென்று, சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் 'சார், பின்னாடி புகையுது' என்று சொன்ன பிறகு விழித்துக்கொள்வோர் இந்த எல்லைக்குள் வரமாட்டார்கள். அது விடப்படாத பிரேக். அதை ஆராயவேண்டியது உளவியல் துறை. இங்கே கொள்ளப்படுவது, முறைப்படி விடப்பட்ட பிறகும் விடாத பிரேக். களம், சென்னையில் கடற்காற்று எட்டும் தூரத்திலுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். காலம், ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலம். கார், பின்சக்கரங்களில் டிரம் பிரேக் உள்ள சிறிய கார். பொத்தானை அமுக்கினால் தானே பிடித்துத் தானே விடும் வகைக் கார் வைத்திருப்போர் கட்டுரையின் பிற்பகுதி வரை பொறுத்தருள வேண்டும்.

ஊர்திக்கு உரியவரை இனிக் காருடையார் என்போம். காருடையார் இரண்டாம் முறை ஆக்சிலேட்டரை மிதித்த ஓசை கேட்ட அளவில் உரையாசிரியர்கள் கூடிவிட்டனர். முதல் மாடியார் மூத்தவர். "லீவரை நல்லா மேலே இழுத்துட்டு டக்குனு கீழே விடு தம்பி, தானா ரிலீஸ் ஆயிடும்" என்பது அவர் கொள்கை. மூன்றாம் மாடியார் இதை அடியோடு மறுத்தார். "இழுக்கவே கூடாது சார். பொத்தானுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் போயிருக்கு. எங்க பழைய வண்டியில இதே கேஸ்." துணி தேய்க்கும் வண்டிக்காரர் சமரசவாதி. லீவரின் அடியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டால் இருவர் கொள்கையும் நிறைவேறும் என்றார். வாட்ச்மேன் ஒன்றும் சொல்லவில்லை. காரின் பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்ததை வேறு யாரும் பார்க்கவில்லை.

மூவரும் கொள்கையில் மாறுபட்டாலும் செய்கையில் ஒன்றுபட்டதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் முன்கதவைத் திறந்தனர். ஒவ்வொருவரும் லீவரைத் தொட்டனர். கை போகுமிடத்திலேயே காரணமும் இருக்கும் என்ற நம்பிக்கை மனித குலத்தின் மிகப் பழைய நம்பிக்கைகளுள் ஒன்று. இதை 'அண்மைப் பிழை' என்று கட்டுரையாளர் வழங்குவார். கலைச்சொல் ஒன்றாவது இல்லாத ஆராய்ச்சி எடுபடாது.

இனி உறுப்பியல். இருக்கைகளுக்கு நடுவிலுள்ள லீவரை மேலே தூக்கினால் அதன் அடியிலுள்ள பல்வரிசையில் ஒரு சிறு கொக்கி ஒவ்வொரு பல்லாக ஏறி உட்காரும். நாம் கேட்கும் 'கிரிக் கிரிக்' அதுதான். லீவர் ஒரு கேபிளை இழுக்கும். அந்த இழுப்பு இரண்டாகப் பிரிந்து இரண்டு பின்சக்கரங்களுக்கும் போகும். டிரம்முக்குள் ஒரு சிறு நெம்புகோல் அசைந்து, பிறை வடிவ பிரேக் ஷூக்கள் இரண்டையும் அகட்டும். ஷூக்களின்மேல் ஒட்டியுள்ள லைனர் டிரம்மின் உட்சுவரை இறுகப் பற்றும். கார் நிற்கும். இதுவரை லீவரின் பங்கு மறுக்க முடியாதது. பிடித்தலுக்கு லீவரே காரணம் என்று ஒப்புக்கொள்வோம்.

விடுதலின் கதை வேறு. பொத்தானை அமுக்கி லீவரைக் கீழே இறக்கும்போது லீவர் எதையும் தள்ளுவதில்லை. தள்ளவும் முடியாது. கேபிள் என்பது முறுக்கிய கம்பி. கிணற்றுக் கயிற்றால் வாளியை மேலே இழுக்கலாமே தவிரக் கீழே தள்ள முடியாது. வாளி தன் எடையால் தானே இறங்க வேண்டும். கேபிளும் அப்படியே. ஆகவே பிரேக்கை விடுவிக்கும் வேலை முழுவதும் மறுகோடியில், டிரம்முக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகளுடையது. அவைதான் ஷூக்களை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கேபிளைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் அந்தப் பக்கத்து வேலையே. லீவர் அனுமதி மட்டும் தருகிறது. அனுமதி தந்த பிறகும் வேலை நடக்கவில்லை என்றால் அனுமதி தந்தவரைப் போட்டு உலுக்குவது எந்த அலுவலகத்திலும் பலன் தந்ததில்லை.

சாட்சி விசாரணைக்கு வருவோம். சிவப்பு விளக்கு அணைந்துவிட்டதே, பிரேக் விட்டுவிட்டது என்றுதானே பொருள் என்று காருடையார் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விளக்கின் ஸ்விட்ச் இருப்பது லீவரின் காலடியில். லீவர் இறங்கியதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பின்சக்கரத்தில் நடப்பது அதன் அதிகார வரம்புக்குள் இல்லை. இந்தச் சாட்சி குற்றம் நடந்த இடத்துக்குப் போனதே கிடையாது. போதாக்குறைக்கு, பெரும்பாலான கார்களில் பிரேக் ஆயில் குறைந்தாலும் இதே விளக்குதான் எரியும். இரண்டு வழக்குக்கும் ஒரே சாட்சி என்றால் வழக்கின் தரத்தை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

கேபிளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் கருதுகோளுக்கு அது அரண் செய்வதால் இங்கே சொல்லத்தகும். உறைக்குள் கம்பி ஓடும் இந்த ஏற்பாட்டுக்கு பௌடன் கேபிள் என்று பெயர். ராலே சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஃபிராங்க் பௌடனே இதைக் கண்டுபிடித்தவர் என்று நெடுங்காலம் பலர் நம்பினர். சைக்கிள் பிரேக்கில் இந்தக் கேபிள் ஓடுகிறது, சைக்கிள் நிறுவனத்தின் அதிபர் பெயர் பௌடன், வேறென்ன வேண்டும்? ஆனால் 1896-இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்ற அயர்லாந்துக்காரர். எர்னஸ்ட் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்தவர். ஃபிராங்க் எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருந்தவர். பெருமை ஃபிராங்குக்குப் போயிற்று. கேபிளின் வரலாற்றிலேயே அண்மைப் பிழை நிகழ்ந்திருக்கும்போது முதல் மாடியாரை மட்டும் குறை சொல்வது முறையாகாது.

குற்றம் நடந்த இடங்கள் இரண்டு என்று ஆய்வு காட்டுகிறது. ஒன்று கேபிள். அதன் மேலுறை காருக்கு அடியில் வெட்டவெளியில் தொங்குகிறது. உறையின் வாயிலுள்ள ரப்பர் மூடி வெயிலில் காய்ந்து வெடிக்கும். அந்த வெடிப்பு வழியே மழைநீர் இறங்கும். கடற்காற்றின் உப்பு கூடச் சேர்ந்தால் துருவுக்கு அவசரம் வந்துவிடும். கம்பி உறைக்குள் தடித்து இறுகும். அப்போதும் கேபிள் இழுக்கும். மனிதக் கைக்குப் பலம் அதிகம். ஆனால் திரும்பிப்போக ஸ்பிரிங்கின் பலம் போதாது. இவ்வகையின் அடையாளம், கீழே இறக்கிய லீவர் தொளதொளவென்று ஆடுவது. பெரும்பாலும் சக்கரம் அறவே நின்றுவிடாது. உராய்ந்துகொண்டே ஓடும், சூடேறும். பத்து நிமிட ஓட்டத்தில் கருகிய வாடை வரும். அந்த வாடையை முன்னே போகும் லாரியின் கிளட்ச் வாடை என்று எண்ணிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வோர் பலர். மைலேஜ் குறைவதை பெட்ரோல் பங்க்கின்மேல் போடுவோர் அதைவிடப் பலர்.

மற்றொன்று டிரம்மே. 1902-இல் லூயி ரெனோ வகுத்த வடிவத்தின் வழிவந்த இந்த டிரம் பிரேக்குக்கு ஒரு சிறப்பு உண்டு. வேலை செய்யும் பாகம் முழுவதும் மூடிய கூட்டுக்குள் இருப்பதால் சேறும் தூசியும் எளிதில் உள்ளே போகா. ஆனால் போனவை எளிதில் வெளியேயும் வாரா. டிரம் வார்ப்பிரும்பு. ஈரம் பட்டால் ஓரிரவிலேயே அதன்மேல் செம்பழுப்பு மேலாடை படர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காரைக் குழாய் வைத்துக் கழுவி, ஈரம் உலராமல், ஹேண்ட்பிரேக்கைப் பற்றோடு இழுத்துவிட்டு வெளியூர் போய்வந்தால், அழுத்தி வைக்கப்பட்ட லைனரும் டிரம்மும் நடுவிலுள்ள துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வகையில் கேபிள் ஒழுங்காகத் திரும்பியிருக்கும், லீவரில் குறையே இராது, சக்கரம் மட்டும் அசையாது. விடும்போது 'டொக்' என்று ஒரே சத்தத்தில் விட்டுவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஏதோ உடைந்துவிட்டதாக அலறிய காருடையார் மனைவியைக் கட்டுரையாளர் அறிவார்.

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடே முடங்கியபோது இந்த இரண்டாம் வகை நாடு முழுவதும் ஒரே காலத்தில் விளைந்தது. முதலில் 21 நாள் என்றார்கள், பிறகு நீண்டது. யாரும் எங்கும் போகாத அந்த வாரங்களில் பொறுப்புள்ள குடும்பத் தலைவர்கள் சமதரையில் நின்ற காருக்கு ஹேண்ட்பிரேக்கை முழுமூச்சாக இழுத்து வைத்திருந்தார்கள். கார் எங்கே ஓடிவிடும் என்று அஞ்சினார்களோ. சென்னைக்கு இதற்கு முந்திய பாடம் 2015 டிசம்பர் வெள்ளம், பிந்திய பாடம் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். வெள்ளத்தில் மூழ்கிய காரில் ஹேண்ட்பிரேக் கடைசிக் கவலைதான். ஆனாலும் இழுவை வண்டி வந்து காரின் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கும்போது பின்சக்கரம் சுழலாமல் தரையில் தேய்ந்துகொண்டே போகும். டயரில் ஓரிடம் மட்டும் தட்டையாகி, பிற்பாடு கார் ஓடும்போதெல்லாம் 'தட் தட்' என்று அந்த மழையை நினைவூட்டிக்கொண்டிருக்கும்.

மருத்துவத்தில் கட்சிகள் பல. வலிமைக் கட்சியார் ஆக்சிலேட்டரை அமுக்கி இழுத்தால் எப்படியும் விட்டுத்தான் ஆகவேண்டும் என்பர். விடும். எது விடும் என்பதில்தான் ஐயம். பழைய லைனர் துருவோடு டிரம்மிலேயே தங்கிவிட, ஷூ மட்டும் வெறுமையாகக் கழன்று வரலாம். அப்போது கார் நகரும். நிறுத்துவது தனி ஆராய்ச்சி. எண்ணெய்க் கட்சியார் கேபிளின் வாயில் டபிள்யூடி-40 போன்ற துருநீக்கியை அடித்துச் சிறிது நேரம் ஊறவிடுவதோடு நின்றால் நல்லவர்களே. உற்சாகம் மிகுந்து டிரம்முக்குள்ளும் அடிப்பவர்கள் லைனரை எண்ணெயில் ஊறவைக்கிறார்கள். விடாத பிரேக்குக்கு மருந்து கொடுத்துப் பிடிக்காத பிரேக்காக மாற்றிய பெருமை அவர்களைச் சேரும். வெந்நீர்க் கட்சி குளிர்நாட்டார் கட்சி. அங்கே ஈரம் உறைந்து பனிக்கட்டியாகி ஷூவைப் பிடிக்கும், வெந்நீர் கட்டியைக் கரைக்கும். நம் ஊரில் மார்கழி தை உறைபனி விழும் ஊட்டி பக்கம் இவர்களுக்குக் கிளை தொடங்க இடமுண்டு. சென்னையில் துருவின்மேல் வெந்நீர் ஊற்றினால் கிடைப்பது சூடான துரு.

ஆட்டுக் கட்சியைச் சேர்ந்தவர் நம் வாட்ச்மேன். "சார், முன்னாடி கொஞ்சம், ரிவர்ஸ்ல கொஞ்சம், மெதுவா ஆட்டி ஆட்டி எடுங்க சார்." எளிய சொற்களாயினும் இயற்பியல் இவர் பக்கமே. டிரம் பிரேக்கில் சக்கரம் ஒரு திசையில் சுழல முயலும்போது ஒரு ஷூ தன்னைத்தானே மேலும் இறுக்கிக்கொள்ளும். திசை மாறினால் அந்த இறுக்கம் அடுத்த ஷூவுக்குப் போகும். முன்னே மட்டும் இழுத்துக்கொண்டிருப்பவர் இறுகும் ஷூவோடு மல்லுக்கு நிற்கிறார். முன்னும் பின்னும் மாற்றி ஆட்டும்போது துருவின் பிடி இரு பக்கமும் தளர்ந்து விரிசல் காணும். துரு அன்றைக்குத்தான் படர்ந்தது என்றால் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் தட்டுக் கட்சியே கதி. இதற்குச் சடங்கு உண்டு. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்து, கியரில் போட்டு, பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கழற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் பிடித்திருக்கிறதே, கார் எங்கே போய்விடும் என்று கல் வைக்காமல் விடுவோர் ஒன்றை மறக்கிறார்கள்: அவர்கள் செய்யப்போவதே அந்தப் பிடியை விடுவிக்கும் வேலை. அது வெற்றி பெறும் நொடியில் காரைப் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இராது. ஜாக்கியில் நிற்கும் காரின் அடியில் தலையை நுழைப்பது எந்தக் கட்சிக்கும் ஏற்புடையதன்று. பிறகு டிரம்மின்மேல் மரக்கட்டையை வைத்து, இடம் மாற்றி மாற்றிச் சுத்தியலால் தட்ட வேண்டும். டிரம் வார்ப்பிரும்பு என்பதை மறந்து ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் விரிசல் விடும். ஷூ விட்டுவிட்டால் டிரம்மைக் கழற்றி, துருவைத் தேய்த்தெடுத்து, ஸ்பிரிங்குகளைச் சோதிப்பது மெக்கானிக் வேலை. அங்கே முதல் மாடியாருக்கு இடமில்லை.

லீவர் நிரபராதி என்ற நம் முடிவுக்கு ஒரு புறனடை உண்டு. மறைத்தால் ஆராய்ச்சி நேர்மைக்கு இழுக்கு. லீவரே மேலே நின்றுகொண்டு, பொத்தான் அமுங்காமல், இறங்க மறுக்கும் வழக்கும் உண்டு. பெரும்பாலும் இது யாரோ பலசாலி இழுத்த இழுப்பின் விளைவு. கொக்கி பல்லில் ஆழ உட்கார்ந்திருக்கிறது, கேபிளின் இழுவிசை முழுவதும் அதன்மேல் இருக்கிறது. பொத்தானை எவ்வளவு அமுக்கினாலும் கொக்கி எழாது. லீவரை இன்னும் சற்று மேலே இழுத்துப் பாரத்தைக் குறைத்து, அப்போது பொத்தானை அமுக்க வேண்டும். ஆகவே 'நல்லா மேலே இழுத்துட்டு விடு' என்ற முதல் மாடியார் கொள்கை ஒரே ஒரு நோய்க்குச் சரியான மருந்து. அதை அவர் எல்லா நோய்க்கும் கொடுக்கிறார். சித்தாந்தங்கள் பொதுவாக இப்படித்தான் பரவுகின்றன.

வருமுன் காக்க வழி உண்டா எனின், உண்டு, ஆனால் அதைச் சொன்னால் கேட்போர் முகம் சுளிப்பர். பல நாள் நிறுத்தப்போகும் காருக்கு, இடம் சமதரையாக இருந்தால், ஹேண்ட்பிரேக்கே போடாதீர்கள். முதல் கியரிலோ ரிவர்ஸிலோ போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். 'அத்தனை லட்சம் கொடுத்து வாங்கின வண்டிக்குக் கல்லா?' என்று மூன்றாம் மாடியார் கேட்டார். கல்லுக்குத் துருப்பிடிக்காது என்பது தவிர வேறு விடை கட்டுரையாளரிடம் இல்லை. கழுவிய காரையும் மழையில் நனைந்துவந்த காரையும் நிறுத்தும் முன் சிறிது தூரம் மெல்ல மிதித்து மிதித்து ஓட்டினால் டிரம் சூடேறி உலர்ந்துவிடும். இதைக் கேட்டு ஹேண்ட்பிரேக்கையே கைவிட்டுவிடக் கூடாது. பிரேக் எந்த நாளும் அசையாமல் கிடந்தாலும் கேபிள் உறைக்குள் இறுகத்தான் செய்யும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் கால் பிரேக்கைத் தவிரத் தனியாக நிறுத்துப் பிரேக் ஒன்று காரில் இருக்க வேண்டும் என்கின்றன. மேம்பாலச் சரிவில், பின்னால் ஒரு மாநகரப் பேருந்து மூச்சுவிட்டபடி நிற்க, சிக்னல் பச்சையாகும் தறுவாயில் அந்த விதியின் அருமை விளங்கும்.

பொறுத்திருந்த பொத்தான் வகையாருக்கு இனி. 2001-இல் வந்த பிஎம்டபிள்யூ 7 வரிசைக் காரில் லீவர் மறைந்து பொத்தான் தோன்றியது. இன்று நம் ஊர் நடுத்தரக் கார்களிலும் அது வந்துவிட்டது. மோட்டார் பிடிக்கும், மோட்டார் விடும். லீவரே இல்லாததால் லீவரின்மேல் பழி போட வழியில்லை. நம் கருதுகோளுக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனால் விடுவதற்கு மின்சாரம் வேண்டும். நிறுத்தியே வைத்திருந்த காரில் பேட்டரி இறங்கிவிட்டால் பிரேக் பிடித்தது பிடித்தபடி இருக்கும். பக்கத்துக் காரிலிருந்து வயர் போட்டு உயிர் கொடுத்தால்தான் விடும். கல் கொடுத்தவரை ஏளனம் செய்த மூன்றாம் மாடியாரின் புதிய கார் இவ்வகை என்பதை விருப்பு வெறுப்பின்றிப் பதிவு செய்கிறோம்.

காருடையாரின் வழக்கு கேபிள் வகை என்று முடிவாயிற்று. மெக்கானிக் இரண்டு பக்கக் கேபிளையும் மாற்றினார். ஒன்று போனால் மற்றது பின்தொடரும் என்பது தொழில் நெறி. பழைய கேபிளைச் சான்றுப் பொருளாகத் தரையில் நீட்டி வைத்து, கம்பியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ரப்பர் கிழிந்திருந்த இடத்தில், உறை உப்பியிருந்தது. கம்பி நகரவில்லை. லீவர் பக்கத்து முனை புதுசுபோல் பளபளத்தது. முதல் மாடியார் குனிந்து பார்த்தார். மூன்றாம் மாடியார் விரலால் தொட்டும் பார்த்தார். தீர்ப்பு ஏறத்தாழ எழுதப்பட்டுவிட்ட அந்த நேரத்தில் காருடையார், "எதுக்கும் அந்த லீவரையும் ஒரு பார்வை பாத்துடுங்க அண்ணே" என்றார். மெக்கானிக் மறுபேச்சுப் பேசவில்லை. முன்கதவைத் திறந்து, பொத்தானின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பில்லில் அதைத் தனி வரியாக எழுதிக்கொண்டார்.